கதிரை அளந்தவர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மழையென்றும் பனியென்றும் பாராமல், குன்னூரிலிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் தோட்டத்துக் குடியிருப்புகளிலிருந்தும் வந்து, கடைசிப் பேருந்துக்கு நேரம் பார்த்துக்கொண்டே கவிதை கேட்கும் அவை இது. இத்தகைய அவையில் பேசக் கிடைத்த வாய்ப்பைப் பேறாகக் கருதுகிறேன்.

‘நான் போற்றும் பெண்மணி’ என்னும் பொருளில் பேசுமாறு நம் செயலர் பணித்தார். தமிழ் கற்பிப்பவள் என்பதால் ஔவையாரையோ, காரைக்கால் அம்மையாரையோ, ஆண்டாளையோ பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். அவர்களைப் போற்றப் பலர் இருக்கிறார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டவர் ஓர் இயற்பியல் அறிஞர். பெயர் அன்னா மணி. இலக்கிய மேடையில் இயற்பியலுக்கு என்ன வேலை என்று ஐயுறுவோர்க்கு, நம் இலக்கியத்திலிருந்தே தொடங்கி விடை சொல்ல முயல்கிறேன்.

சொல்லும் பொருளும்

‘கதிர்’ என்பது நம் மொழியின் அழகான சொற்களுள் ஒன்று. ஞாயிற்றின் ஒளிக்கீற்று கதிர். வயலில் முற்றித் தலைசாய்ந்து நிற்கும் நெல்லின் தலை கதிர். இராட்டையில் நூல் சுற்றும் இரும்புக் கம்பியும் கதிர். வானத்தில் ஒன்று, மண்ணில் ஒன்று, மனிதன் கையில் ஒன்று. கடந்த நூற்றாண்டில் அறிவியல் தமிழ் இச்சொல்லை மேலும் விரித்தது. ‘ரேடியேஷன்’ என்பதைக் கதிர்வீச்சு என்றோம். எலும்பைப் படம் பிடிக்கும் எக்ஸ்ரேயை ஊடுகதிர் என்றோம். பழைய சொல் புதிய பொருளைத் தயங்காமல் தாங்கிக்கொண்டது.

சொல்லைத் தந்ததோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. கதிரை அளக்க முடியுமா என்ற வினாவையும் எழுப்பியிருக்கிறார்கள். புறநானூற்றின் முப்பதாம் பாடலை நினைவூட்ட விரும்புகிறேன். சோழன் நலங்கிள்ளியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடியது. ஞாயிறு செல்லும் வழி, அதன் இயக்கம், அது சூழ்ந்து வரும் வட்டம், காற்று வீசும் திசை, பற்றுக்கோடின்றி நிற்கும் வானம் ஆகியவற்றையெல்லாம் நேரில் போய்ப் பார்த்து அளந்து வந்தவர்களைப் போல, இவை இத்துணை என்று உரைப்போரும் இருக்கிறார்கள் என்கிறார் புலவர். அத்தகையோர் அறிவாலும் அளந்தறிய இயலாதது உன் ஆற்றல் என்று மன்னனைப் புகழ்வதற்காக அதைச் சொன்னார். ஆயினும், வானத்தை அளப்போர் அந்நாளிலேயே இங்கு இருந்தனர் என்பதற்கும், புலவர்கள் அவர்களை அறிந்திருந்தனர் என்பதற்கும் அப்பாடல் சான்றாகிறது.

அந்தப் புலவர் அடுக்கிய பட்டியலில் ஞாயிறு உண்டு, காற்று உண்டு, வானம் உண்டு. இம்மூன்றையும் இருபதாம் நூற்றாண்டில் கருவி கொண்டு அளந்தவர் அன்னா மணி. இந்திய நிலப்பரப்பின்மீது விழும் வெயில் எவ்வளவு, வீசும் காற்று எத்தகையது, வானில் உள்ள ஓசோன் எவ்வளவு என்று கணக்கெடுத்தவர். சாத்தனார் இன்றிருந்தால் ‘போல’ என்ற உவம உருபை நீக்கிவிட்டுப் பாடியிருப்பார்.

நம் மலையும் கதிரும்

நீலமலை மக்களாகிய நமக்குக் கதிரோடு உள்ள உறவு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது. உதகையை அடுத்த முத்தோரையில், மலைச்சரிவின் சாய்வையே துணையாகக்கொண்டு 530 மீட்டர் நீளத்துக்கு விரிந்து கிடக்கும் வானொலித் தொலைநோக்கியைப் பார்த்திருப்பீர்கள். பேராசிரியர் கோவிந்த் சுவரூப் வழிகாட்டுதலில் எழுந்து, 1970 முதல் விண்ணின் வானொலிக் கதிர்களைச் செவிமடுத்து வரும் கருவி அது. இங்குள்ள அண்டக்கதிர் ஆய்வகமோ, விண்வெளியிலிருந்து பொழியும் துகள்களைக் கணக்கெடுக்கிறது.

1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையை இந்த அவையில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கே உருவான எக்ஸ்ரே படத்தகடுகள் நாடெங்கும் மருத்துவமனைகளுக்குச் சென்றன. சிறு ஒளி பட்டாலும் படலம் கெட்டுவிடும் என்பதால் தொழிலாளர்கள் இருட்டறையிலேயே வேலை செய்தார்கள். முகமறியாத நோயாளியின் எலும்பையும் நுரையீரலையும் மருத்துவர் வெளிச்சத்தில் பார்ப்பதற்காக, நம் மலையின் ஆண்களும் பெண்களும் இருளில் நடந்து பழகினார்கள். ஆலை மூடப்பட்டுவிட்டது. அந்த இருட்டறை வாழ்வு இன்னும் ஒரு நல்ல நாவலுக்காகக் காத்திருக்கிறது என்பதை இங்குள்ள எழுத்தாளர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

தேயிலைத் தோட்டங்களில் மழைமானி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலைதோறும் அதில் சேர்ந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து பேரேட்டில் பதிகிறார்கள். கொழுந்தின் வரத்தும் உரமிடும் நாளும் அந்த எண்ணைப் பொறுத்தவை. வானிலை அறிவியல் என்பது நமக்கு ஏட்டுக் கல்வி மட்டுமன்று. கூடை சுமக்கும் பெண்ணின் அன்றைய கூலியோடு சேர்ந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் உண்டு. ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் அதன் வலிமை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. உதகை இரண்டாயிரத்து இருநூறு மீட்டருக்கும் மேல். குளிர் காற்று வீசுவதால் வெயில் உறைப்பது நமக்குத் தெரிவதில்லை. தெளிந்த வானமுள்ள நாளில் கதிர் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நாள் முழுதும் சரிவில் நின்று கொழுந்து பறிப்போரின் கன்னமும் கண்ணும் அதை அறியும். உணர்வு சொல்லாததைக் கருவி சொல்லும். அளவீட்டின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

அளவே மருந்து

கதிர்வீச்சு மனித உடலைக் காக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். எது காக்கும், எது கெடுக்கும் என்பதை முடிவு செய்வது அளவு. திருவள்ளுவர் ‘மருந்து’ என்ற அதிகாரத்தில் மருந்தின் பெயர் ஒன்றையும் சொல்லவில்லை. மிகினும் குறையினும் நோய் என்று தொடங்கி, அளவையே திரும்பத் திரும்பப் பேசுகிறார். கதிர் மருத்துவத்தின் வரலாறும் அந்த அதிகாரத்துக்கு எழுதிய உரை போலவே இருக்கிறது.

1895இல் இராண்ட்கென் ஊடுகதிரைக் கண்டறிந்தார். சில ஆண்டுகளில் மேரி கியூரி, கணவர் பியருடன் ரேடியத்தைக் கண்டறிந்தார். முதல் உலகப்போரின்போது மேரி கியூரி ஊடுகதிர்க் கருவிகளை மோட்டார் வண்டிகளில் ஏற்றிப் போர்முனை மருத்துவமனைகளுக்கு அனுப்பினார். தாமே சில வண்டிகளோடு சென்றார். அக்கருவிகளை இயக்கப் பெண்களுக்குப் பயிற்சி தந்தார். குண்டு உடலுக்குள் எங்கே தைத்திருக்கிறது என்று மருத்துவர்கள் கண்ணால் கண்டு எடுக்க முடிந்தது. எத்தனையோ உயிர்களைக் காத்த அந்தக் கதிரே, ஆண்டுக்கணக்காக அளவின்றிப் பட்டு, 1934இல் இரத்த நோயாய் அவர் உயிரைப் பறித்தது.

அளவு தெரியாத அந்த நாளில், தோல் சிவக்கும் வரை கதிரைச் செலுத்துவதே மருத்துவர்களின் அளவுகோலாக இருந்தது. இந்த நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் எடித் குவிம்பி என்ற அமெரிக்கப் பெண் இயற்பியலாளர் (1891–1982). 1919இல் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் பணியில் சேர்ந்த அவர், ரேடிய ஊசிகளை எந்த இடைவெளியில் வைத்தால் கட்டியின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு கதிர் சேரும் என்று ஆண்டுக்கணக்கில் அளந்து அட்டவணை செய்தார். 1940இல் அமெரிக்க ரேடியம் கழகத்தின் ஜேன்வே பதக்கம் பெற்ற முதல் பெண் அவரே. பின்னாளில் சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை உட்பட, உலகெங்கும் கதிர் மருத்துவம் நடைபெறும் இடங்களிலெல்லாம் மருத்துவரின் அருகே இயற்பியலாளர் நிற்கிறார் என்றால், அந்த மரபை வகுத்தவர்களில் குவிம்பியும் ஒருவர்.

மேரி கியூரியை நாம் அறிவோம்; குவிம்பியைச் சிலர் அறிவோம். நோயாளியின் உடலில் சேரும் கதிரைக் குவிம்பி அளந்தார். ஒரு நாடு முழுவதன்மீதும் விழும் கதிரை அளந்தவர், நமக்கு அண்டை மலையில் பிறந்தவர். அவரைப் பற்றி இனி விரிவாகச் சொல்கிறேன்.

ஏலமலையில் பிறந்த பெண்

அன்னா மணி 1918ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூரின் பீர்மேட்டில் பிறந்தார். நம் மலையைப் போன்றே மழையும் மூடுபனியும் நிறைந்த ஊர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பலர் வியர்வை சிந்திய ஏலமலை அது. தந்தையார் கட்டடப் பொறியாளர். பெரிய ஏலத் தோட்டங்களின் உரிமையாளர். எட்டுக் குழந்தைகளில் அன்னா ஏழாமவர். வசதிபடைத்த அக்குடும்பத்தில் ஆண் பிள்ளைகள் உயர் பதவிக்கும், பெண் பிள்ளைகள் திருமணத்துக்கும் வளர்க்கப்பட்டார்கள்.

எட்டாம் பிறந்தநாளுக்கு அவ்வீட்டுப் பெண் குழந்தைக்கு வைரத்தோடு அளிப்பது வழக்கம். அன்னா தோடு வேண்டாம் என்றார். அதற்கு மாறாகப் பிரித்தானியக் கலைக்களஞ்சியத் தொகுதிகள் வேண்டும் என்று கேட்டுப் பெற்றார். ஊர் நூலகத்தில் இருந்த மலையாள நூல்களை ஏறத்தாழ முழுவதும் அந்த வயதுக்குள் படித்து முடித்திருந்தார். பன்னிரண்டு வயதுக்குள் ஆங்கில நூல்களும் முடிந்தன.

1925இல் காந்தியடிகள் வைக்கத்துக்கு வந்தார். வைக்கம் போராட்டம் தமிழ்நாட்டினராகிய நமக்கும் உரிய வரலாறு. பெரியார் சிறை சென்ற போராட்டம் அது. அடிகளின் வருகை அந்தச் சிறுமியின் நெஞ்சில் ஆழப் பதிந்தது. அதன்பின் அவர் உடுத்தியது கதராடை. இராட்டையின் கதிர் முதலில் அவர் வாழ்வுக்குள் வந்தது. ஞாயிற்றின் கதிர் பின்னால் வந்தது. தமக்கையர் திருமணம் செய்துகொள்ள, இவர் மேற்படிப்பைத் தேர்ந்தார். குடும்பம் அதைப் பெரிதாகத் தடுக்கவும் இல்லை, ஊக்கவும் இல்லை.

வைரம் மீண்டும் வந்தது

சென்னையில் ஆனர்ஸ் பட்டம் பெற்ற அன்னா மணி, 1940இல் உதவித்தொகை பெற்றுப் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில், திருச்சிராப்பள்ளி தந்த மேதை சர் சி.வி. இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். பெண்களுக்கு அவ்விடம் எளிதில் திறந்த கதவன்று. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1933இல், உயிர்வேதியியல் பயில வந்த கமலா சோஹோனியைப் பெண் என்பதால் சேர்க்கத் தயங்கி, ஓராண்டுச் சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு இராமன் சேர்த்துக்கொண்டார் என்பது வரலாறு.

அன்னாவுக்குக் கிடைத்த ஆய்வுப்பொருள் வைரமும் மாணிக்கமும். காதில் அணிய மறுத்த கல்லைக் கருவியின் முன்னே வைத்து ஆராயும் நிலை வாய்த்தது. முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் நிறமாலைகளை அவர் பதிவு செய்தார். வைரத்திலிருந்து வரும் ஒளிர்வு மிக மங்கலானது. ஆகவே, கல்லை நீர்மக் காற்றின் கடுங்குளிரில் வைத்து, ஒளிப்படத் தகட்டின்மீது பதினைந்து முதல் இருபது மணி நேரம் அந்த ஒளி விழும்படி காத்திருக்க வேண்டும். பல இரவுகள் அவர் ஆய்வகத்திலேயே கழித்தார். 1942 முதல் 1945 வரை, தாம் ஒருவரே ஆசிரியராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்.

1945 ஆகஸ்டில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். அந்நிறுவனத்தில் செய்த ஆய்வுக்கு அக்காலத்தில் பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக்கழகம். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டத்தை மறுத்தது. ஆனர்ஸ் பட்டம் இருந்தது. ஆராய்ச்சிக்கான உதவித்தொகையும் தரப்பட்டிருந்தது. ஐந்து கட்டுரைகள் அச்சேறியிருந்தன. ஒரு தாள் இல்லை. அந்த ஆய்வேடு இராமன் ஆராய்ச்சி நிறுவன நூலகத்தில், பட்டம் பெற்ற ஏடுகளோடு வேறுபாடு தெரியாதபடி இடம்பெற்றது.

முனைவர் என்ற அடைமொழியோடு அழைப்பிதழில் என் பெயரை அச்சிட்டிருக்கிறீர்கள். அந்த அடைமொழிக்காக உழைத்தவள் என்ற முறையில் அதன் மதிப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆயினும், அன்னா மணியின் வரலாற்றைப் படித்தபின் ஒன்றை அழுத்தமாகச் சொல்லத் தோன்றுகிறது. பட்டம் என்பது உழைப்புக்குப் பிறர் தரும் அளவீடு. அளக்கும் கோல் பழுதாக இருந்தால், அளக்கப்படும் பொருளின் எடை குறைந்துவிடாது. தாம் செய்த கருவிகளில் இத்தகைய பழுது நேராதபடி காப்பதையே அந்த அம்மையார் பின்னாளில் வாழ்க்கைப் பணியாகக் கொண்டார்.

கருவி செய்தவர்

பட்டம் மறுக்கப்பட்ட அதே ஆண்டில் அரசின் உதவித்தொகை பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். இயற்பியல் ஆய்வைத் தொடரவே விரும்பினார். கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் அதைக் கற்று, 1948இல் விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையின் கருவிப் பிரிவில் எஸ்.பி. வெங்கிடேசுவரன் தலைமையின் கீழ்ச் சேர்ந்தார்.

அந்நாளில் வெப்பமானி, அழுத்தமானி போன்ற எளிய கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்தே வந்தன. கதர் உடுத்திய அந்தப் பெண்ணுக்கு இது உறுத்தியிருக்கும். ஆடையில் தற்சார்பு வேண்டும் என்றால் அறிவில் வேண்டாமா? ஏறத்தாழ நூறு வகைக் கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தி, அவற்றை இந்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். 1953இல் அப்பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தபோது, அவருக்குக் கீழே பணியாற்றிய ஆண்கள் நூற்றிருபத்தொருவர்.

1957–58இல் உலக நாடுகள் கூடி நடத்திய பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டின்போது, இந்தியாவெங்கும் ஞாயிற்றுக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களின் வலையை அமைத்தார். வெயிலை எப்படி அளப்பது? கண்ணாடிக் கவிகையின் கீழே கரும்பூச்சுப் பூசிய தட்டு ஒன்று இருக்கும். வெயிலைக் குடித்து அது சூடேறும். அந்தச் சூட்டின் வேறுபாட்டை உலோக இணைப்புகள் சிறு மின்னழுத்தமாக மாற்றும். அந்த மின்னழுத்தத்தைப் படித்தால் வெயிலின் அளவு தெரியும். கேட்க எளிது. கவிகையில் தூசி படிந்தாலும், தட்டின் கருமை வெளுத்தாலும், கருவி ஒரு பக்கம் சாய்ந்தாலும் எண் பொய்யாகும். ஆண்டுக்கணக்கில் பொய் எண்கள் சேர்ந்தால் அவற்றை நம்பிச் செய்யும் திட்டமெல்லாம் பொய்க்கும். அளவே எடுக்காமல் இருப்பதைவிடத் தவறாக அளப்பது தீங்கானது என்பது அன்னா மணியின் உறுதியான கொள்கை. கவிஞர் பெருமக்கள் இந்தக் கொள்கையைச் சொல்லுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

1963இல், தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் வானிலை ஆய்வு நிலையத்தையும் கருவிக் கோபுரத்தையும் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின்படி நிறுவினார்.

அறுபதுகளில் அவர் கவனம் ஓசோன்மீது திரும்பியது. தரையிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து முதல் முப்பத்தைந்து கிலோமீட்டர் உயரத்தில் செறிந்துள்ள இந்த வாயுதான், முன்னே நான் சொன்ன புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைத் தடுத்து நம் தோலையும் கண்ணையும் பயிரையும் காக்கிறது. அதை அளக்க, பலூனில் ஏறிச் செல்லும் ஓசோன் கருவியை இந்தியாவிலேயே உருவாக்கும் பணியை அவர் முன்னின்று நடத்தினார். மேலே ஏறும் பலூன், வழியிலுள்ள காற்றைச் சிறு கலத்திலுள்ள கரைசலுக்குள் செலுத்தும். ஓசோன் பட்டதும் கரைசலில் சிறு மின்னோட்டம் பிறக்கும். அது வானொலி வழியே தரைக்கு வந்து சேரும். பன்னாட்டு ஓசோன் ஆணையத்தில் அவர் பல்லாண்டுகள் உறுப்பினராக இருந்தார். தென்துருவத்தின் மேலே ஓசோன் படலம் மெலிந்த செய்தி 1985இல் உலகை உலுக்கியது. 1987இல் மான்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. உலகம் விழித்துக்கொள்வதற்கு ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்பே இந்திய வானில் அந்தக் கணக்கெடுப்பைத் தொடங்கியவர்களுள் ஒருவர் ஏலமலையில் பிறந்த இந்தப் பெண்மணி.

1976இல் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். இந்தியாவின் ஞாயிற்றுக் கதிர்வீச்சுத் தரவுகள் குறித்த பெருநூல்கள் 1980இலும் 1981இலும் வெளிவந்தன. வீட்டுக் கூரையில் சூரிய ஒளித் தகடு பொருத்துவோர் இன்று பெருகியிருக்கிறார்கள். அந்தத் துறையினர்க்கு இந்நாட்டில் அடிப்படை ஏடுகளாய் அமைந்தவை அவை. காற்றின் ஆற்றல் பற்றிய தரவுகளையும் தொகுத்தார். பெங்களூரில் சிறிய பட்டறை ஒன்றை அமைத்துக் காற்றையும் கதிரையும் அளக்கும் கருவிகள் செய்வித்தார். 1987இல் கே.ஆர். இராமநாதன் பதக்கம் அவரை வந்தடைந்தது. 1994இல் பக்கவாதம் அவரை முடக்கியது. 2001 ஆகஸ்ட் 16ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மறைந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மலையேறுவதும் பறவை நோக்குவதும் அவர் உவந்த பொழுதுபோக்குகள்.

எப்படிச் சொல்வது இவர் கதையை?

இத்தகைய வாழ்வை எப்படிச் சொல்வது என்பதில் எனக்கு ஒரு மனப்போராட்டம் உண்டு. அதை உங்கள் முன் வைக்கிறேன். அறிவியல் வரலாற்று ஆய்வாளர் அபா சூர் அவரை நேரில் சந்தித்து உரையாடி எழுதியிருக்கிறார். பெண் என்பதால் தமக்குத் தனித் துன்பமோ தனிச் சலுகையோ நேர்ந்ததாக அன்னா மணி ஒப்பவில்லை. தம்மைப் பெண் அறிவியலாளர் என்று தனியே பிரித்துக் கொண்டாடுவதை அவர் விரும்பவும் இல்லை. அதே நேரத்தில், கருவியைக் கையாள்வதில் ஒரு பெண்ணிடம் சிறு பிழை நேர்ந்தாலும் அதைப் பெண்ணினத்தின் திறமையின்மையாகவே எடுத்துக்கொள்வார்கள் என்ற நினைவையும் அவர் மறைக்கவில்லை.

துன்புற்ற பெண் என்று சொன்னால் அவருடைய நூறு கருவிகள் மறைந்துபோகும். வெற்றி பெற்ற அறிஞர் என்று மட்டும் சொன்னால் மறுக்கப்பட்ட பட்டம் மறைந்துபோகும். முதலாவது அவர் ஒப்பாதது. இரண்டாவது நாம் ஒப்பக்கூடாதது. தம்மைப் பற்றிப் புலம்பாமல் இருப்பது அவருடைய பெருமை. அவர் புலம்பவில்லை என்பதைக் காரணம் காட்டி அந்த அநீதியை மறந்துவிடுவது நமக்குப் பெருமையாகாது. என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பெண்களில் பலர் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். குடும்பத்தில் கல்லூரி வாயிலை முதன்முதலாக மிதித்தவர்கள். அவர்களுக்கு இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்தே சொல்கிறேன். கதவு மூடியிருக்கக்கூடும் என்பதும் தெரிய வேண்டும். மூடிய கதவுக்கு வெளியிலும் வேலை இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இனி, கவிஞர் பெருமக்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். நம் செய்யுள் மரபு பெண்ணை மிகுதியும் அளந்திருக்கிறது. கண் எதை ஒக்கும், இடை எவ்வளவு நுணுகும், நடை எதனோடு ஒப்பாகும் என்று அளந்து அளந்து ஓய்ந்திருக்கிறோம். அளக்கும் இடத்தில் பெண்ணை நிறுத்திப் பாடியது எத்துணைக் குறைவு! இரவெல்லாம் விழித்து வைரத்தின் ஒளி தகட்டில் பதியக் காத்திருந்த பெண்ணைப் பாட நம்மிடம் சொல் இல்லையா? காத்திருத்தல் முல்லைத்திணையின் உரிப்பொருள். காதலனுக்காக மட்டுமன்றி, ஓர் உண்மைக்காகவும் பெண் காத்திருக்கலாம் என்று முல்லையை விரித்துப் பாடக் கூடாதா?

சிலப்பதிகாரம் திங்களையும் ஞாயிற்றையும் மழையையும் போற்றித் தொடங்குகிறது. போற்றுதலும் அளத்தலும் ஒன்றுக்கொன்று பகை என்று சிலர் கருதுகிறார்கள். நான் அவ்வாறு கருதவில்லை. யாப்பைக் கற்றவர்கள் நாம். எழுத்தெண்ணி, அசை பிரித்து, தளை பார்த்துத்தான் நம் புலவர்கள் வானத்தைப் போற்றினார்கள். மாத்திரை என்பது நமக்கு எழுத்தின் ஒலியளவு. அதே சொல்தான் மருத்துவத்தில் மருந்தின் அளவு. அளவறிந்து வழங்கப்படும் சொல்லும் மருந்தாகிறது.

இந்த மலையில் இருட்டறைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். மழைமானியைப் பார்க்கும் தோட்டத்து எழுத்தர்கள் இருக்கிறார்கள். தொலைநோக்கிக்குக் காவல் நிற்போரும் இருக்கிறார்கள். அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்தின் கவியரங்குகளில் ஆண்டுக்கு ஒன்றையேனும் இத்தகைய வாழ்வுகளுக்கு ஒதுக்குங்கள். அறிவியலாளர்களை அழைத்துக் கேளுங்கள். அவர்கள் கருவிகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர்களைச் சூட்டித் தாருங்கள். முதல் அரங்கத்துக்கு அன்னா மணியின் பெயரை நான் முன்மொழிகிறேன். அவர் மலையாள நாட்டில் பிறந்தவர்தாம். ஆனால், அவர் அளந்த வெயில் நம் தோட்டங்களின்மீதும் விழுகிறது.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் நூறாண்டு காண வாழ்த்துகிறேன்.